கம்புக்கு மாலை, கோடாலிக்கு மூலை

"ஒழுங்கா படிக்கலேன்னா விறகு கீறத்தான் போவ."

குழித்துறைப் பக்கம் வளந்த எந்தப் பயலும் இந்த வசனத்தைக் கேக்காம பத்தாங்கிளாஸ் தாண்டியிருக்க மாட்டான். உங்க ஊர்ல அது மாடு மேய்க்கிறதா இருக்கும், மூட்டை தூக்குறதா இருக்கும். ஊருக்கு ஊர் வேலை மாறும், மிரட்டல் ஒண்ணுதான். கையால செய்யிற வேலைன்னா தண்டனை. கோடாலி அதுலயும் கடைசித் தண்டனை.

இந்தப் பதிவு அந்தக் கோடாலிக்காக. மரம் வெட்டுறத ஒரு ஊர் விளையாட்டா, நேரம் பாத்து, நடுவர் வச்சு, பரிசு குடுத்து எங்க ஊர்ல நடத்தணும்னு சொல்றேன். போன வாரம் சாயாக்கடையில இதை எடுத்து விட்டதும் ஒரு நண்பர் கேட்டார்: "ஏன் மக்கா, அடுத்தது துணி துவைக்கிற போட்டியா?" எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சு முடிச்சுட்டீங்கன்னா வாங்க, விஷயத்துக்குப் போவோம்.

இது நான் ரூம் போட்டு யோசிச்ச விஷயம் இல்லீங்க. ஆஸ்திரேலியாவுக்குத் தெக்க டாஸ்மேனியான்னு ஒரு தீவு இருக்கு (டாஸ்மாக் இல்ல, அவசரப்படாதீங்க). அங்க அல்வர்ஸ்டன்ங்கிற ஊர்ல 1870-ல ரெண்டு மரவெட்டிங்க, யாரு மரத்தை முதல்ல சாய்க்கிறதுன்னு காசு வச்சுப் பந்தயம் கட்டுனாங்க. இன்னைக்கு இருக்கிற மரவெட்டுப் போட்டிக்கு அதைத்தான் பிள்ளையார் சுழின்னு சொல்றாங்க. 1891-ல அதே தீவுல லாட்ரோப்ங்கிற ஊர்ல உலகப் பட்டத்துக்கே போட்டி நடந்தாச்சு, மரவெட்டி வீரர்களுக்குச் சங்கமும் வந்தாச்சு. இப்பவும் சிட்னியில ஈஸ்டர் சமயத்துல நடக்குற பெரிய விவசாயக் கண்காட்சியில, மாடு, ஆடு, காய்கறி எல்லாம் ஒரு பக்கம் இருக்க, மரவெட்டு அரங்கத்துல ஜனம் குவிஞ்சு கிடக்கும். அமெரிக்காவுல 1985-ல ஒரு ரம்பக் கம்பெனி தொடர் போட்டியாவே ஆரம்பிச்சு, டிவியில காட்டி, உலகம் பூரா கொண்டு போயிட்டாங்க.

எப்படி வெட்டுவாங்கன்னா, மூணு வகை முக்கியம். தரையில கிடக்குற தடி மேல ஏறி நின்னு ரெண்டு காலுக்கும் நடுவுல வெட்டுறது ஒண்ணு. நட்டு வச்ச தடியைப் பக்கத்துல நின்னு வெட்டுறது ரெண்டு. உசரமான கம்பத்துல கொத்து போட்டு, அதுல பலகையைச் செருகி, அது மேல ஏறி நின்னு உச்சியில இருக்குற தடியை வெட்டுறது மூணு. தடி ஓரடிக்கு முன்னப் பின்ன தடிமன் இருக்கும். நல்ல வீரர் அதை இருபது விநாடிக்குள்ள ரெண்டாக்கிடுவார். அது போக, ரெண்டு பேர் ரெண்டு பக்கம் நின்னு இழுக்குற பெரிய வாள் போட்டியும் உண்டு. அதுல ஆம்பளையும் பொம்பளையும் ஜோடியா இறங்குவாங்க.

ஸ்பெயினும் பிரான்சும் சேர்ற மலைப்பக்கம் பாஸ்க் மக்கள்னு ஒரு இனம். அவங்க கதை இன்னும் சுவாரசியம். மரம் வெட்டுறது, கல் தூக்குறது, புல் அறுக்குறது, காளைகளைப் பூட்டிக் கல் இழுக்குறது. பண்ணையிலயும் காட்டிலயும் அன்றாடம் செஞ்ச வேலை எல்லாத்தையும் திருவிழா விளையாட்டா ஆக்கி வச்சிருக்காங்க. அங்க கல் தூக்குறதுல பேர் வாங்குன இன்யாக்கி பெருரேனா தொழிலால ஒரு கசாப்புக்கடைக்காரர். 300 கிலோவுக்கு மேல கல்லைத் தூக்கித் தோள்ல வச்சவர். அந்த ஊர்ல சின்னப் புள்ளைக்கும் அவரைத் தெரியும். கசாப்புக்கடைக்காரன்னு யாரும் முகம் சுளிக்கல.

இப்ப நம்ம பக்கம் வருவோம். நாம விளையாட்டை மதிக்காத ஜனம்னு நான் சொல்லல. சிலம்பத்தைப் பாருங்க. எங்க மாவட்டத்துல அடிமுறை, வர்மம்னு ஆசான்மாருக்கு இன்னைக்கும் மரியாதை உண்டு. 2022-ல ஹரியானா பஞ்ச்குலாவுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல களரிப்பயிற்று, கட்கா, தாங்-டா, மல்லர் கம்பம் நாலையும் சேத்தாங்க. 2024 ஜனவரியில அதே விளையாட்டு தமிழ்நாட்டுல நடந்தப்ப சிலம்பத்தைக் காட்சி விளையாட்டா சேத்தாங்க. ரொம்ப சந்தோஷம், கையைத் தட்டுவோம்.

ஆனா அந்தப் பட்டியலை ஒரு தடவை திரும்ப வாசிங்க. களரி, கட்கா, தாங்-டா, சிலம்பம் எல்லாம் சண்டையில பிறந்தது. வாளும் கேடயமும் கம்பும் பிடிச்சவனோட வித்தை. ராஜாவுக்குப் பக்கத்துல நின்னவனோட வித்தைக்குச் சட்டுன்னு பாரம்பரியம்னு பேர் வந்துடுது. அந்த ராஜாவோட அடுப்புக்கு விறகு குடுத்தவன் வித்தைக்கு என்ன பேரு? கூலிவேலை. அவ்வளவுதான்.

பழமொழியையே எடுத்துக்கோங்க. கோடாலிக்காம்பு குலத்துக்கு ஈனமாம்! மரத்துல செஞ்ச காம்பு மரத்தையே வெட்டுதுன்னு அர்த்தம் சொல்லுவாங்க. இருக்கட்டும். வில்லும் அம்பும்கூட மரத்துல செஞ்சதுதானே? அது யாருக்கும் ஈனமாப் படலயே. கம்புக்கு மாலை, கோடாலிக்கு மூலை. இதுதான் நம்ம கணக்கு.

"இளவட்டக்கல் இருக்கே"ன்னு யாராவது பின்னூட்டத்துல வருவீங்க. கரெக்ட். தென்மாவட்டத்து ஊர்கள்ல முச்சந்தியில உருண்டையா ஒரு கல் கிடக்கும். கல்யாணக்கல்லுன்னும் சொல்லுவாங்க. அதைத் தூக்கித் தோள்ல வச்சுப் பின்னால போடுறவன் இளவட்டம். பொதி சுமந்தவன், வயல்ல உழைச்சவன், அவன் பலத்துக்கு ஊர் குடுத்த சான்றிதழ் அது. நெல்லை மாவட்டம் வடலிவிளையில பொங்கலுக்கு வருஷா வருஷம் இந்தப் போட்டியை விடாம நடத்துறாங்க. நூறு கிலோவைத் தாண்டுன கல்லும் அங்க உண்டு. பொம்பளைங்களும் களத்துல இறங்குறாங்க. வடலிவிளைக்காரங்க காலைத் தொட்டுக் கும்பிடலாம். மத்த ஊர்கள்ல அந்தக் கல் என்ன ஆச்சுன்னு போய்ப் பாருங்க. பாதி மண்ணுக்குள்ள, மீதி மேல கட்சிக்கொடி பெயிண்ட்.

உழைப்புல பிறந்த விளையாட்டு நமக்கும் இருந்துச்சு, இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. வெள்ளைக்காரன்கிட்ட இருந்து கடன் வாங்க வேண்டியது விளையாட்டை இல்ல, வெக்கப்படாம அதை நடத்துற தைரியத்தை.

2017-ம் வருஷத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஜனவரியில ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுல ஜனம் திரண்டுச்சு. எங்க பக்கத்துல ஜல்லிக்கட்டே கிடையாது, ஆனாலும் எங்க பயலுகளும் கொடி பிடிச்சானுக. அதே வருஷம் நவம்பர் 30-ம் தேதி ஒக்கி வந்துச்சு. கடலுக்குப் போன மீனவ மக்கள் திரும்பி வராம போன துக்கத்தோட எதையும் சேத்துப் பேசக்கூடாது. அது வேற. கரையில என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்றேன். ரப்பர் தோட்டங்கள் வரிசையா சாஞ்சு கிடந்துச்சு. வாழை பூரா படுத்துடுச்சு. ரோட்டுல மரம், மரத்து மேல கரண்டு கம்பம், நாள் கணக்குல இருட்டு.

எங்க தெருவுல ஒரு அயினி மரம் குறுக்க விழுந்து கிடந்துச்சு. மெஷின் வாள் வச்சிருந்தவங்களை ஆளாளுக்கு இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, ஒருத்தரும் கிடைக்கல. தெருவுல ஜிம்முக்குப் போற பசங்க அஞ்சாறு பேர் உண்டு, நல்ல கட்டுமஸ்தான பயலுக. ஆளுக்கொரு வெட்டுகத்தியோட வந்து கொப்பைக் கழிச்சானுக. அடிமரத்துக்கிட்ட வந்ததும் நின்னுட்டானுக. அப்புறம் எழுபது வயசைத் தொட்ட ஒரு பாட்டா வந்தார். எங்க வீட்டுலயும் சுத்துவட்டாரத்துலயும் காலம் பூரா விறகு கீறுனவர், கேஸ் அடுப்பு வந்து வேலை போனவர். கோடாலியை எடுத்துட்டு வந்து, மரத்தை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, ஒரு இடத்துல காலை ஊணி நின்னார். மேல இருந்து சாய்வா ஒண்ணு, கீழ இருந்து சாய்வா ஒண்ணு. சில்லு சில்லாத் தெறிச்சுது. பக்கத்துல நின்ன பயலுக்குச் சொல்லியும் குடுத்தார்: "மக்ளே, கோடாலிய நீ அமுக்க வேண்டாம். தூக்கிவிட்டா அது பாட்டுக்கு இறங்கும். வெட்டுற எடத்துல மட்டும் கண்ணு இருக்கட்டு."

மத்தியானத்துக்குள்ள ரோடு திறந்துச்சு. அவருக்கு அன்னைக்கு ஊர் குடுத்தது ஒரு சாயா. ரெண்டு நாள் கழிச்சு யாருக்கும் அது ஞாபகம் இல்ல. அதே கைவித்தைக்கு லாட்ரோப்ல பட்டம் குடுப்பாங்க, இங்க ஒரு கிளாஸ் சாயா. எனக்குக் கோவம் வர்றது இந்த இடத்துலதான்.

சரி, கோவத்தை ஒதுக்கி வச்சிட்டு உடம்புக் கணக்குக்கு வருவோம். 2023-ல வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவுல சர்க்கரை நோயாளிங்க 10 கோடிக்கும் மேல. தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம், கேரளாவுல 25.5 சதவீதம். நாங்க இருக்கிறது ரெண்டுக்கும் நடுவுல. ரேஷன் கார்டு இந்தப் பக்கம், சாப்பாடு அந்தப் பக்கம். மரச்சீனியும் மீன்கறியும் முன்ன மாதிரியே உள்ள போகுது, முன்ன மாதிரி வேலைதான் இல்ல. 2024-ல லான்செட் குழுமப் பத்திரிகையில வந்த இன்னொரு கணக்கு: 2022-ல இந்தியப் பெரியவங்கள்ல ஏறக்குறைய பாதிப்பேருக்குப் போதுமான உடல் அசைவு கிடையாது. ஆம்பளைங்கள்ல 42 சதவீதம், பொம்பளைங்கள்ல 57. பொட்டி தட்டுற நம்ம பதிவர் கூட்டத்தை மட்டும் தனியா எடுத்தா எவ்வளவு வரும்னு நான் கேக்கல. :-)

"அதான் காலையில வாக்கிங் போறோமே"ங்கிறீங்களா? நல்லது, விடாதீங்க. ஆனா உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன வழிகாட்டுதல்ல ரெண்டு பாகம் இருக்கு. வாரத்துக்கு 150 நிமிஷத்துல இருந்து 300 நிமிஷம் வரைக்கும் நடை மாதிரி மிதமான உழைப்பு, அதோட வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்குப் பலம் தர்ற வேலை. நாம முதல் பாகத்தோட நின்னுடுறோம். 2015-ல பதினேழு நாட்டுல, ஏறக்குறைய 1 லட்சத்து 40 ஆயிரம் பேர்கிட்ட எடுத்த ஆய்வு ஒண்ணு, இந்தியாவும் அதுல சேத்தி. கைப்பிடி பலத்தை அளந்து பாத்தாங்க. பிடி 5 கிலோ குறைஞ்சிருந்தா, சாவு அபாயம் 16 சதவீதம் கூட. பிரஷரை விடக் கைப்பிடி நல்லா ஆரூடம் சொல்லுச்சாம். பிடியை இறுக்குனாலே ஆயுசு கூடிடும்னு அதுக்கு அர்த்தம் இல்ல. மொத்த உடம்போட பலத்துக்குப் பிடி ஒரு அடையாளம். கோடாலி பிடிச்ச கையைக் குலுக்கிப் பாத்திருக்கீங்களா? பாத்திருந்தா நான் சொல்றது புரியும்.

இன்னொண்ணு, கொஞ்சம் கிளுகிளுப்பான சங்கதி. பொலிவியா நாட்டுக் காட்டுல சிமானேன்னு ஒரு ஜனம் இருக்கு. விவசாயத்துக்காக மரம் வெட்டுறவங்க. ஒரு மணி நேரம் கோடாலி போட்ட பிறகு அவங்க எச்சிலை எடுத்து டெஸ்டோஸ்டிரோன் அளந்தாங்க. ஏறக்குறைய 47 சதவீதம் ஏறியிருந்துச்சு. அதே ஜனம் ஃபுட்பால் ஆடுனப்ப ஏறுனது 30 சதவீதம். 2013-ல வந்த ஆய்வு. வயசானவங்களுக்கும் மரம் வெட்டும்போது அந்த ஏற்றம் குறையலங்கிறதுதான் விசேஷம். இது கொஞ்ச நேரத்துக்கு ஏறி இறங்குற சமாச்சாரம், இதை வச்சு யாரும் லேகியம் விக்க வேண்டாம்.

இப்ப உஷாரான ஒரு ஆள் கேப்பார்: "கோடாலி அவ்வளவு நல்லதுன்னா காலம் பூரா வெட்டுன உங்க பாட்டாவுக்கு ஏன் முதுகு கூனுச்சு?" நியாயமான கேள்வி. டென்மார்க்ல ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்களை வருஷக்கணக்கா கவனிச்சு 2021-ல ஒரு ஆய்வு போட்டாங்க. ஓய்வு நேரத்துல உடம்பை அசைச்சவங்களுக்கு இருதய நோயும் சாவும் குறைஞ்சுது. அதே உடம்பைக் கூலிக்கு அசைச்சவங்களுக்கு அது கூடுச்சு. ஏன்? கூலிக்காரனுக்கு நிறுத்துற உரிமை இல்ல. வலிச்சாலும் வெட்டணும், வெயில்லயும் வெட்டணும், சாப்பிடாமலும் வெட்டணும். வாரத்துல ரெண்டு நாள், அரை மணி நேரம், நாலு பேர் கைதட்ட வெட்டுறவனுக்குக் கோடாலி மருந்து. நாள் பூரா அரைவயித்தோட வெட்டுனவனுக்கு அது தேய்மானம்.

அதனால "அந்தக் காலத்து மனுஷங்க உழைச்சாங்க, நூறு வயசு இருந்தாங்க"ங்கிற ஃபார்வர்டு மெசேஜ் பாட்டை நான் பாடப் போறதில்ல. அவங்க உழைச்சாங்க, தேஞ்சாங்க. அந்த வித்தையில இருந்து வறுமையைக் கழிச்சுட்டு, மரியாதையைச் சேத்துட்டா மிச்சம் என்ன கிடைக்குமோ, அதுக்குப் பேர்தான் விளையாட்டு.

"ஜிம்முல போய் இரும்பைத் தூக்கினா போதாதா?" போதும், உடம்புக்கு. ஆனா ஜிம்முல காதுல ஒயரை மாட்டிக்கிட்டு, கண்ணாடியில தன்னைத் தானே பாத்துக்கிட்டு நிக்கிற பயலுக்கும், பக்கத்துல நிக்கிறவனுக்கும் என்ன பேச்சு இருக்கு? மாசம் பொறந்தா பணம் கட்டணும். ஐம்பது வயசுக்காரர் லுங்கியோட உள்ள போக முடியுமா? எங்க ஊர்ல ரிட்டையர் ஆன ஆம்பளைக்குச் சாயங்காலம் போக்கிடம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு சாயாக்கடை, இன்னொண்ணு பச்சை போர்டு கடை. கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாம் உண்டு, ஆனா அங்க கூட்டம் தனித்தனி. மூணு கூட்டமும் சேந்து நிக்கிற இடம் ஒரு விளையாட்டுக் களம்தான். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் கிளப்புகள்ல வடம் இழுக்கிறப்ப யாராவது ஜாதி கேட்டா வடத்தைப் பிடிக்கிறான்?

ஆஸ்திரேலியாக்காரன்கிட்ட இருந்து நாம அப்படியே எடுத்துக்க வேண்டிய விதி ஒண்ணு உண்டு. நடுவர் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா எண்ணுவார். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னயே ஒரு எண் குடுத்திருப்பாங்க, அவனவன் பழைய நேரத்தைப் பாத்து. புதுப் பயல் மூணுன்னதும் வெட்ட ஆரம்பிக்கலாம். சாம்பியன் இருபத்தஞ்சு வர்ற வரைக்கும் கோடாலியைத் தோள்ல வச்சுட்டு நிக்கணும். அதனால பதினெட்டு வயசுப் பயலும் அறுபது வயசு ஆசாமியும் ஒரே போட்டியில நிக்கலாம், ரெண்டு பேருக்கும் ஜெயிக்க வாய்ப்பு உண்டு. கடைசித் தடி ஏறக்குறைய ஒரே நேரத்துல விழும், பாக்குறவன் நாற்காலி நுனியில இருப்பான். இந்த ஒரு விதிக்காகவே இது ஊர் விளையாட்டு ஆகத் தகுதி உள்ளது.

மறுப்புகளுக்கு வருவோம். "ஆபத்து." ஆமா, ஆபத்துதான். அங்க தடி மேல நின்னு வெட்டுறவங்க கால்ல இரும்புக் கண்ணி கோத்த உறை போடுவாங்க. நாமளும் போடுவோம். முதல் ரெண்டு மூணு வருஷத்துக்குத் தடி மேல ஏறவே வேண்டாம்; நட்டு வச்ச தடியும், ரெண்டு பேர் இழுக்கிற வாளும் போதும். குடிச்சவனுக்கும் பதினெட்டு நிறையாதவனுக்கும் களத்துல இடம் கிடையாது. நம்ம ஊர்ல எதிர்ல வர்ற டிப்பர் லாரியை விட இது ஆபத்தான்னு யோசிச்சுச் சொல்லுங்க.

"மரத்தை அழிக்கிறீங்க." இல்ல. எங்க சுத்துவட்டாரம் பூரா ரப்பர். பால் வத்துன மரத்தை இருபத்தஞ்சு முப்பது வருஷத்துல எப்படியும் வெட்டித்தான் மறு நடவு செய்யுறாங்க. அது விறகுக்கும் பெட்டியடிக்கவும் போற தடி. போட்டியில ரெண்டா வெட்டுன பிறகும் விறகு விறகுதானே? ஒரு மரமும் இதுக்காகத் தனியா விழ வேண்டாம். சில்லை எல்லாம் பொறுக்கிச் சமையலுக்கு அனுப்பிட்டா குப்பையும் இல்ல.

"யார் நடத்துவா?" இதுக்குத்தான் நான் பதிவே போட்டேன். எங்க குழித்துறையில தாமிரபரணிக் கரையில ஆடி அமாவாசைக்குப் பலியிட ஜனம் கூடும். அதை ஒட்டி நகராட்சி வருஷா வருஷம் வாவுபலி பொருட்காட்சி நடத்துது. மரக்கன்னு வாங்கணும்னா எங்க ஆளுங்க அதுக்காகவே காத்துக் கிடப்பாங்க. ராட்டினம் இருக்கு, டெல்லி அப்பளம் இருக்கு, மரணக்கிணறு மாதிரி வித்தையை வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்குறோம். அதுல ஒரு மூலையில, ஒரே ஒரு சாயங்காலம், எட்டு ரப்பர் தடி நட்டு வைக்க இடம் இருக்காதா? மரக்கன்னு விக்கிற இடத்துல மரம் வெட்டுற வித்தையும் இருக்கட்டும். நடுறவனும் வெட்டுறவனும் ஒரே விவசாயிதான்.

கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு. நடுவர் நாற்காலியில எம்எல்ஏவையும் நடிகரையும் உக்கார வைக்கக்கூடாது. விறகு கீறிப் பிழைச்ச பாட்டாமார் இன்னும் சிலபேர் இருக்காங்க. அவங்கதான் நடுவர், அவங்கதான் கோச். எந்தத் தடியில கணு இருக்கு, எந்தக் கோடாலிக்கு எந்தக் காம்புன்னு சொல்ல வேற யாருக்குத் தெரியும்? அவங்களுக்குச் சம்பளம் குடுக்கணும், மேடையில பேரைச் சொல்லிக் கூப்பிடணும். இன்னும் பத்து வருஷம் போச்சுன்னா கூப்பிட ஆள் இருக்காது. அப்புறம் அந்தக் கோடாலியைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு, பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்து, பாரம்பரியம்னு பேர் வைப்போம். அதுல நாம எக்ஸ்பர்ட்டாச்சே!

ஆகவே நண்பர்களே, உங்க ஊர்ல உழைப்புல பிறந்த விளையாட்டு என்ன இருந்துச்சுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. நாத்து நடுற போட்டியா, துடுப்புப் போட்டியா, மூட்டைப் போட்டியா, எதுவா இருந்தாலும் சரி. அடுத்த தலைமுறைப் பயலை "விறகு கீறத்தான் போவ"ன்னு யாராவது மிரட்டுனா, அவன் தலையை நிமித்தி "எத்தனை விநாடியில?"ன்னு திருப்பிக் கேக்கணும். எனக்கு அது போதும்.

டிஸ்கி: பிரஷர், இருதயக் கோளாறு, மூட்டுவலி உள்ளவங்க டாக்டரைக் கேக்காம கோடாலியைத் தொட வேண்டாம். துணி துவைக்கிற போட்டி கேட்ட நண்பருக்கு: நடத்தலாம் மக்கா, ஆனா உங்க வீட்டுத் துணியை நீங்கதான் துவைக்கணும்.